துப்பாக்கி கைக்கு எட்டாத ஊர்

புக்கிட் செந்தோசா, புக்கிட் பெருந்தோங், செரண்டா, பத்தாங் காலி. உலு சிலாங்கூரின் இந்தக் குடியிருப்புத் தாமான்களில் நம் பிள்ளைகள் சண்டை போடுவதில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். கல்யாண வீட்டு வாய்த்தகராறு, கடைவரிசையில் ஒருவன் முறைத்தது, திருப்பித் தராத வட்டிப் பணம், சட்டையில் குண்டர் கும்பலின் எண்ணைப் போட்டுக்கொண்டு வந்தது என்று காரணம் எதுவாகவும் இருக்கும். கையில் எடுப்பது மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான்: பாராங். தோட்டத்தில் காடு வெட்டவும் வீட்டில் தேங்காய் பிளக்கவும் வைத்திருக்கிற அதே கத்தி. அது இல்லையென்றால் ஹெல்மெட், இரும்புக் குழாய். மறுநாள் மருத்துவமனை வார்டில் தலையில் தையலோடும் முன்கையில் கட்டோடும் ஒரு பிள்ளை கிடக்கிறான். கட்டிலோரத்தில் அவன் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். சில நாளில் அவன் வீடு திரும்புகிறான். எல்லாரும் திரும்புவதில்லை, பாராங்கும் கொல்லும். ஆனாலும் பலர் திரும்புகிறார்கள்.

அப்படித் திரும்பி வருகிற பிள்ளைகளை முன்னே வைத்துத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். வெட்டிய கையில் அன்றிரவு பிஸ்டல் இருந்திருந்தால் கணக்கு வேறாக இருந்திருக்கும். துப்பாக்கியை எட்டாத தூரத்தில் வைத்தால் வன்முறை குறையுமா என்று உலகமெங்கும் வாதிடுகிறார்கள். அந்தக் கேள்விக்கான பதிலில் பாதி இந்த வார்டுகளில் கிடக்கிறது. சண்டை குறைவதில்லை, சாவு குறைகிறது.

மறுபாதியைச் சொல்ல, இந்த மண்ணின் பழைய கதைக்குப் போக வேண்டும். துப்பாக்கியே பார்க்காத ஊர் இல்லை இது. புக்கிட் செந்தோசாவிலிருந்து ஒரு மணி நேரக் கார் ஓட்டத்துக்குள், அவசரகாலத்தில் உலகமே திரும்பிப் பார்த்த மூன்று சம்பவங்கள் நடந்திருக்கின்றன.

1948 ஜூன் 16 அன்று பேராக்கில் சுங்கை சிப்புட் பக்கம் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் கம்யூனிஸ்ட் கொரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட, பிரிட்டிஷ் ஆட்சியின் அவசரகாலம் தொடங்கியது. அந்தத் துப்பாக்கிகள் பல ஜப்பான்காரன் காலத்தில் காட்டுக்குள் போனவை. போர் முடிந்து, 1945 டிசம்பரில் ஜப்பான் எதிர்ப்புப் படை கலைக்கப்பட்டபோது, ஆயுதத்தை ஒப்படைத்த ஒவ்வொருவருக்கும் 350 வெள்ளி கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கில் திரும்பி வந்தன. திரும்பி வராதவையும் நிறைய. காட்டில் புதைத்து வைத்த அந்த மிச்சந்தான் மூன்றே ஆண்டில் தோட்டத்துச் சாலைகளுக்கு வந்து சேர்ந்தது. ஒரு போர் முடியும்போது ஆயுதத்தை எண்ணி வாங்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நமக்கு வேறெங்கும் வேண்டாம்.

அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று, பத்தாங் காலியில் சுங்கை ரிமோ ரப்பர் தோட்டத்தில், ஸ்காட்ஸ் கார்ட்ஸ் படைவீரர்கள் கையில் ஆயுதமே இல்லாத 24 சீனத் தொழிலாளர்களைச் சுட்டுத் தள்ளினார்கள். அவர்களின் வாரிசுகள் லண்டன் வரை வழக்கு நடத்தினார்கள். விசாரணை நடத்தும் கட்டாயம் அரசுக்கு இல்லை என்று 2015 நவம்பரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1951 அக்டோபர் 6 அன்று, கோல குபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறும் பாதையில், பிரிட்டிஷ் ஹை கமிஷனர் சர் ஹென்றி கர்னியின் ரோல்ஸ் ராய்ஸ் காரைக் கொரில்லாக்கள் மறித்துச் சுட்டார்கள். கர்னி காரை விட்டு இறங்கி நடந்து சாலையோரம் விழுந்து இறந்தார். காருக்குள் பதுங்கிக் கிடந்த மனைவி பிழைத்துக்கொண்டார்.

மூன்றாவது சம்பவம் நம்முடையது. 1949 மார்ச் 1 அன்று, ரவாங் வாட்டர்ஃபால் தோட்டத்துப் பக்கம் எஸ்.ஏ. கணபதி பிடிபட்டார். தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்தவர், நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் இருந்தவர், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்தவர். அவரிடம் இருந்தவை ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும். யாரையும் சுட்டதாக வழக்கு இல்லை. துப்பாக்கியை வழியில் கண்டெடுத்ததாகவும் போலீசில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்ததாகவும் அவர் சொன்னார். அவசரகால விதிகளின்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. அதே மாதத்தில் தீர்ப்பு வந்தது. இந்திய அரசு தலையிட்டுக் கருணை கேட்டது. 1949 மே 4 அன்று, புடு சிறையில் கணபதியைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தைய நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் இராணுவத்தின் குண்டுக்கு இரையானார். அவசரகாலத்தில் இந்நாட்டில் தூக்கில் ஏறியவர்கள் இருநூறு பேருக்கு மேல்.

கணபதி வழக்கை இங்கே நான் கொண்டுவருவதற்குக் காரணம் உண்டு. மலேசியாவின் துப்பாக்கிச் சட்டத்துக்கு இரண்டு வேர்கள். ஒன்று கணக்கு வைக்கும் வேர்: உரிமம், பதிவு, ஆண்டுதோறும் புதுப்பித்தல், தோட்டாவுக்குக் கணக்கு. இன்னொன்று பயமுறுத்தும் வேர்: தூக்கு, பிரம்படி. ஒரு தொழிற்சங்கத் தலைவனை அப்புறப்படுத்த இரண்டாவதுதான் வசதியாக இருந்தது. நம் மக்கள் ‘துப்பாக்கிச் சட்டம்’ என்று கேட்டாலே அந்தத் தூக்கு மேடையைத்தான் நினைக்கிறார்கள். நம் பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றி வருவது எது என்று கேட்டால், முதல் வேர் என்பேன்.

அது எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். 1960 ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் இல்லாமல் யாரும் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. விண்ணப்பம் போலீஸ் வழியாகத்தான் போகும். கேட்பவரின் பின்னணியை அலசுவார்கள், காரணம் கேட்பார்கள். காட்டுப் பன்றி தோட்டத்தை நாசமாக்குகிறது என்றால் ஒரு ஷாட்கன் கிடைக்கலாம். பணம் ஏற்றிச் செல்லும் பாதுகாவல் நிறுவனத்துக்குக் கிடைக்கலாம். ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று சொல்லும் சாதாரணக் குடிமகனுக்குக் கிடைப்பது அபூர்வம். தோட்டப்புறங்களில் பன்றி சுடப் போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நீளக் குழல் துப்பாக்கியை உறையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவார்கள். அதை இடுப்பில் செருகிக்கொண்டு கடைவரிசைக்கு வர முடியாது. சட்டையை இறக்கிவிட்டால் மறைந்துவிடுகிற கைத்துப்பாக்கியைத்தான் இந்தச் சட்டம் மிக இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது. கும்பல் சண்டைக்குத் தோதான ஆயுதமும் அதுதான்.

இதன் பலனை எண்ணிக்கையில் சொல்லலாம். 2017-இல் ஜெனிவாவின் சிறு ஆயுத ஆய்வகம் எடுத்த மதிப்பீட்டில், அமெரிக்காவில் 100 பேருக்கு 120 துப்பாக்கிகள். பக்கத்துத் தாய்லாந்தில் 100 பேருக்கு 15. மலேசியாவில் 100 பேருக்கு ஒன்றுகூட இல்லை. கொலையும் அதே வரிசையில்தான் நிற்கிறது. மலேசியாவில் லட்சம் பேருக்கு ஆண்டுக்கு இரண்டு கொலைக்கும் குறைவு, அமெரிக்காவில் 2021-இல் ஆறுக்கும் மேல். துப்பாக்கி ஒன்று மட்டுமே இதற்குக் காரணம் என்று நான் சொல்லவில்லை. வறுமை, போதைப்பொருள், போலீசின் நடத்தை, குடும்பம் எல்லாம் சேர்ந்துதான் கொலையின் கணக்கு உருவாகிறது.

ஆனால் துப்பாக்கியின் பங்கைத் தனியாகப் பிரித்துப் பார்த்தவர் ஒருவர் உண்டு. சிக்காகோவில் ஃபிராங்க்ளின் ஸிம்ரிங் என்ற சட்ட அறிஞர் 1968-இல் போலீஸ் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு கத்தித் தாக்குதலையும் துப்பாக்கித் தாக்குதலையும் ஒப்பிட்டார். இரண்டு வகையிலும் சண்டைக்கான காரணம் ஏறக்குறைய ஒன்றுதான்: குடி, கோபம், காதல் தகராறு, பணம். தீர்மானமாகக் கொல்லப் போனவர்கள் குறைவு, ஆத்திரத்தில் கையில் கிடைத்ததை எடுத்தவர்களே அதிகம். சாவு மட்டும் ஒன்றாக இல்லை. கத்தியால் தாக்கியதைவிடத் துப்பாக்கியால் தாக்கியதில் சுமார் ஐந்து மடங்கு பேர் இறந்திருந்தார்கள். ‘கொல்ல நினைப்பவன் எதை வைத்தாவது கொல்வான்’ என்ற வாதத்துக்கு இதைவிட நேரான பதில் இல்லை. பெரும்பாலான சண்டைகளில் கொல்ல வேண்டும் என்ற முடிவே யாருக்கும் இருப்பதில்லை. கையில் இருக்கும் பொருள் அந்த முடிவை எடுத்துவிடுகிறது.

தோட்டத்து ஆட்களுக்கு இதைப் புரியவைக்கச் சிக்காகோ வரை போக வேண்டியதில்லை. களைக்கொல்லியின் கதையே போதும். மருந்து அடிக்கும் வேலையில் நம் பெண்கள் முதுகில் தகரத்தைச் சுமந்துகொண்டு பாராகுவாட் தெளித்த காலம் உண்டு. அந்த மருந்து லயத்தில், சமையல்கட்டின் மூலையில், கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு நிமிட ஆத்திரத்தில், ஒரு நிமிட அவமானத்தில் அதை எடுத்த உயிர்கள் எத்தனை என்று தோட்டத்தில் வளர்ந்த எவருக்கும் தெரியும். மலேசியா 2002-இல் தடை அறிவித்தது, 2006-இல் தளர்த்தியது, 2020 ஜனவரி 1 முதல் முற்றிலும் தடுத்தது. இலங்கையில் 1990-களில் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்தபின் பத்தே ஆண்டில் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. மனிதரின் துயரம் பாதியாகிவிடவில்லை. அந்த ஒரு நிமிடத்தில் கைக்கு எட்டிய பொருள் மாறியது, ஆள் பிழைத்தார். துப்பாக்கிக்கும் இதே கணக்குதான்: அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் இறந்த 48,830 பேரில் பாதிக்கும் மேல் தற்கொலைகள்.

எதிர்த் தரப்பின் வாதத்தையும் நேர்மையாக எடுத்துக்கொள்வோம். சட்டத்தை மதிப்பவனிடந்தான் சட்டம் செல்லும், கள்ளனுக்கு எப்படியும் கள்ளத் துப்பாக்கி கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்கிறது, உண்மைதான். எழுபதுகளில் போத்தாக் சின் கும்பல் கோலாலம்பூரைக் கதிகலங்க வைத்தது. 1993-இல் பெந்தோங் காளி என்ற காளிமுத்துவின் பெயரைக் கேட்டு ஊரே நடுங்கியது, அந்த ஆண்டு ஜூன் 29 அன்று போலீஸ் அவரைச் சுட்டுக் கொன்றது. 2013 இன்னும் நினைவில் இருக்கும். ஏப்ரலில் சுங்கத்துறைத் துணைத் தலைமை இயக்குநர் புத்ரா ஜெயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஜூலையில் இரண்டு நாள் இடைவெளியில் நெகிரி செம்பிலானில் குற்றக் கண்காணிப்பு இயக்கத் தலைவர் சஞ்சீவன் சுடப்பட்டார், கோலாலம்பூரில் வங்கி நிறுவனர் ஹுசேன் நஜாடி கொல்லப்பட்டார். 2024 ஏப்ரலில் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்தின் வரவேற்புக் கூடத்திலேயே துப்பாக்கி வெடித்தது. அதற்குச் சில வாரம் முன்புதான் தலைநகர் ஹோட்டல் ஒன்றில் ஆறு கைத்துப்பாக்கிகளோடும் தோட்டாக்களோடும் ஓர் இஸ்ரேல்காரர் பிடிபட்டார்.

இத்தனையும் உண்மை. ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். ஐம்பது ஆண்டில் நடந்த துப்பாக்கிக் குற்றங்களை நாம் பெயர் சொல்லி, தேதி சொல்லி, ஒவ்வொன்றாக நினைவு வைத்திருக்கிறோம். அமெரிக்காவின் ஒரு நகரத்தில் ஒரு மாதத்துச் சூடுகளை இப்படி யாராலும் ஒப்பிக்க முடியாது. கள்ளத் துப்பாக்கி இந்நாட்டுக்குள் வர எல்லை தாண்ட வேண்டும், தரகர் வேண்டும், பெரும் பணம் வேண்டும், மாட்டினால் வாழ்க்கையே போய்விடும். பெரிய கும்பல் தலைவனால் அதைச் செய்ய முடியும். புக்கிட் செந்தோசாவில் மோட்டார் ஓட்டித் திரியும் பதினெட்டு வயதுப் பையனால் முடியாது. அவனையும் அவனிடம் மாட்டுகிறவனையும் காப்பாற்றுவது இந்த விலைதான்.

அந்த விலை விழுந்தால் என்ன ஆகும் என்பதை இலங்கையில் பார்க்கலாம். போர் 2009-இல் முடிந்தது. போர்க்காலத்து ஆயுதங்களும் படையை விட்டு ஓடியவர்களும் பாதாள உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். 2025 பிப்ரவரி 19 அன்று, கொழும்பு அளுத்கடை நீதிமன்றக் கூண்டுக்குள் நின்ற பாதாள உலகப் புள்ளி கணேமுல்ல சஞ்சீவவை, வழக்கறிஞர் உடையில் வந்த ஒருவர் சுட்டுக் கொன்றார். உள்ளே வெட்டிக் குழியாக்கிய ஒரு சட்டப் புத்தகத்தில் ஒளித்துத்தான் துப்பாக்கியைக் கொண்டு வந்திருந்தார்கள். தாய்லாந்தில் 2023 அக்டோபரில் பாங்காக்கின் சியாம் பாரகன் கடைத்தொகுதியில் சுட்டவன் 14 வயதுச் சிறுவன். வெற்றுத் தோட்டா துப்பாக்கியை மாற்றிச் செய்த ஆயுதம் அவன் கையில் இருந்தது. நமக்கும் தாய்லாந்துக்கும் நடுவில் இருப்பது, கிளந்தானில் ஒரு சின்ன ஆறு.

இப்போது தூக்கு மேடைப் பக்கம் வருவோம். 1971-இல் துப்பாக்கிக் குற்றங்களுக்குக் கூடுதல் தண்டனைச் சட்டம் வந்தது. கொள்ளையிலோ கடத்தலிலோ துப்பாக்கியால் சுட்டால், குண்டு யார்மீதும் படாவிட்டாலும், கட்டாய மரண தண்டனை என்றிருந்தது. சட்டவிரோதமாக வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. பொம்மைத் துப்பாக்கியைக் காட்டி மிரட்டினாலும் சிறையும் பிரம்படியும் உண்டு. இவை போதாதென்று உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில், வைத்திருந்ததற்கே தூக்கு. 1977-இல் பினாங்கில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் துப்பாக்கி வைத்திருந்ததற்காக மரண தண்டனை விதித்தார்கள், உலகமே எதிர்த்துக் குரல் கொடுத்தபின் அது குறைக்கப்பட்டது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012-இல் ஒழிந்தது. 2023 ஜூலை 4 முதல் கட்டாய மரண தண்டனையும் நீங்கியது. சுட்ட குற்றத்துக்கு மரணமா, 30 முதல் 40 ஆண்டு சிறையும் பிரம்படியுமா என்று இப்போது நீதிபதி முடிவு செய்யலாம். இந்த மாற்றம் வந்தபோது ‘இனி ஊரெங்கும் துப்பாக்கி வெடிக்கும்’ என்று சிலர் பயமுறுத்தினார்கள். 2018-லிருந்தே இந்நாட்டில் யாரையும் தூக்கிலிடவில்லை, தெருக்கள் துப்பாக்கிக் காடாக மாறவும் இல்லை. கணக்கு வைக்கும் சட்டம் நிற்கிறது என்பதால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தூக்குக் கயிற்றைவிட ஆயுதக் கிடங்கின் பூட்டுக்குத்தான் நாம் கவலைப்பட வேண்டும். 2000 ஜூலையில் அல்-மாவுனா கும்பல் பேராக்கில் இராணுவ முகாமிலிருந்தே நூற்றுக்கு மேற்பட்ட ஆயுதங்களை ஏமாற்றி எடுத்துக்கொண்டு சவுக் என்ற ஊரின் காட்டுக்குள் போனது. அவர்களிடம் பிணையாகச் சிக்கிக் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் நம் போலீஸ்காரர் சகாதேவன். 2024 மே 17 அன்று ஜொகூர் உலு திராம் போலீஸ் நிலையத்துக்குள் ஒருவன் பாராங்கோடு நுழைந்தான். ஒரு காவலரை வெட்டி, அவருடைய துப்பாக்கியைப் பறித்து, இன்னொரு காவலரைச் சுட்டான். அரசின் கையிலிருக்கும் துப்பாக்கியும் கைமாறும்.

அரசின் கை சுடும் துப்பாக்கியும் இந்தக் கணக்கில் சேரும். 2010 ஏப்ரலில் ஷா ஆலமில் காரை நிறுத்தாமல் போன பள்ளி மாணவன் ஒருவன் போலீசின் குண்டுக்குப் பலியானான். 2013 ஆகஸ்டில் குண்டர்களுக்கு எதிரான ‘ஓப்ஸ் சந்தாஸ்’ நடவடிக்கை தொடங்கிய சில நாளிலேயே பினாங்கில் ஐந்து பேர் ஒரே வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த மாதந்தான் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டு, அவற்றின் உறுப்பினர்களில் சுமார் 70 விழுக்காட்டினர் இந்தியர்கள் என்றது. நாட்டு மக்கள்தொகையில் நாம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அறிவிப்புக்குப் பிறகு, போலீஸ் துப்பாக்கியின் முன்னால் ஒரு தமிழ்ப் பையன் நிற்கும்போது அவன் யாராகத் தெரிவான் என்ற பயம் ஒவ்வொரு தாய்க்கும் உண்டு. குடிமகனின் துப்பாக்கிக்கு இவ்வளவு கடுமையாகக் கணக்குக் கேட்கிற நாடு, போலீஸ் சுடும் ஒவ்வொரு குண்டுக்கும் அதே கடுமையோடு கணக்குக் கேட்க வேண்டும். ஒவ்வொரு சாவுக்கும் மரண விசாரணை நீதிமன்றம் கூட வேண்டும். 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கிய போலீஸ் நடத்தை ஆணையத்துக்குத் தண்டிக்கும் அதிகாரம் வேண்டும்.

துப்பாக்கி இல்லை என்பதால் நம் வேலை முடிந்துவிடாது. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய பல குடும்பங்கள் வேலை போய், வீடு போய், இந்தத் தாமான்களுக்கு வந்து சேர்ந்தன. தோட்டத்தில் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் திடலும் ஒரே இடத்தில் இருந்தன, யார் பிள்ளை எங்கே நிற்கிறான் என்று நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாமானில் அப்பா ஷிப்டில், அம்மா ஷிப்டில். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள முன்வருகிற முதல் ஆள், எண் போட்ட கும்பலின் அண்ணன். துப்பாக்கிச் சட்டம் அந்த அண்ணனைத் தடுக்காது. அவன் கையில் கொடுக்கிற பொருளின் பலத்தைத்தான் அது குறைக்கிறது. மிச்சத்தைப் பள்ளியும் வேலைவாய்ப்பும் நம் சங்கங்களும்தான் செய்ய வேண்டும். அவை போதுமான அளவுக்குச் செய்யவில்லை என்பது என் முடிவு.

உலு சிலாங்கூரின் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு கோரிக்கை. நம் மாவட்டத்தில் எத்தனை உரிமங்கள் இருக்கின்றன, பாதுகாவல் நிறுவனங்களிடம் எத்தனை ஷாட்கன், எத்தனை கள்ளத் துப்பாக்கி பிடிபட்டது, போலீஸ் எத்தனை முறை சுட்டது என்ற நான்கு எண்களை ஆண்டுதோறும் வெளியிடச் சொல்லி அவையில் கேளுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. எண் போட்ட கும்பல்களில் ‘பொருளை’ வைத்திருக்கச் சொல்வது தலைவனிடம் இல்லை, புதிதாகச் சேர்ந்த பையனிடந்தான். ‘ஒரு ராத்திரி உங்க வீட்ல இருக்கட்டும்டா’ என்று யாராவது ஒரு பையைக் கொடுத்தால் வாங்காதே என்று இன்றே சொல்லி வையுங்கள். வாங்கிவிட்டால், அதைத் தொடாமல் உடனே ஒரு வழக்கறிஞரையோ ஊர்ப் பெரியவரையோ அழைத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் போங்கள். உள்ளே துப்பாக்கி இருப்பது தெரிந்தே வைத்திருந்தான் என்று தீர்ப்பானால், ஒரு முறைகூடச் சுடாத அந்தப் பையனுக்கு 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது ஆறு பிரம்படியும் காத்திருக்கின்றன.